பனிக்கட்டி உருகுங் காலமும் பயிரிடுங் காலமும்

(லடாக் மலைநாட்டு விவசாயிகளின் அனுபவம்)

பயிருக்குக் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எந்தத் தேதியில் வயலை வந்து அடைகிறது என்பதே பெரும்பாலும் மகசூலை நிர்ணயிக்கிறது. காவேரி டெல்டாவில் பாசனத்திற்காக மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான தேதி ஜூன் மாதம் 12 ஆகும். அத்தேதி சில வாரங்கள் பிந்துமாயின், குறுவை நடவு சுருங்கி, பின்வரும் போகமும் பட்டம் தவறிப்போவதை மிராசுதார்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஐப்பசியில் கரைபுரண்டு வரும் வெள்ளம், ஆனியில் வாராமற்போன தண்ணீருக்கு ஈடாகாது.

இவ்வுண்மையை நம்மினும் கடுமையாக அனுபவித்து வருபவர்கள் இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக் பிரதேசத்து விவசாயிகள். அவர்களுக்கு அணையாக இருப்பது மலையுச்சியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி. அவ்வணையின் மதகைத் திறப்பது சூரிய வெப்பம். அம்மதகு விதைப்புக் காலத்திற்குப் பின்னரே திறக்கிறது என்பதுதான் அவர்களுடைய நெடுநாளைய சங்கடம். இச்சங்கடத்தைத் தீர்க்க அவர்கள் கையாண்டுவரும் முறைகள், தண்ணீரைச் சேமிக்கும் கலையில் சிரத்தையுள்ள எவரும் அறிந்துகொள்ளத்தக்கவை. அவற்றை விளங்கிக்கொள்ளுமுன், பனிக்கட்டி உருகும்போது நிகழ்வது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உருகும் பனிக்கட்டியின் இயல்பு

ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியைப் போட்டு, அதனுள் உஷ்ணமானியை வைத்து, இளஞ்சூட்டில் ஏற்றினால், உஷ்ணமானி சென்டிகிரேட் 0 டிகிரியைக் காட்டும். அடுப்பு எரிந்துகொண்டேயிருப்பினும், பாத்திரத்தைக் கிளறிவருமளவும், கடைசித் துண்டு கரையும் வரையில் அது 0 டிகிரியை விட்டு ஏறாது. அவ்வளவு நேரமும் பாத்திரத்தில் புகுந்த உஷ்ணம் எங்கே போயிற்று? கட்டியாக இறுகியிருந்த ஜலத்தை இளக்கித் திரவமாக்கும் வேலையில் அது முழுவதும் செலவாயிற்று. இவ்வாறு வெளிக்குத் தோன்றாமல் உட்கொள்ளப்படும் உஷ்ணத்திற்கு மறை உஷ்ணம் என்று பெயர். 1760-ஆம் ஆண்டையொட்டி, ஸ்காட்லாந்து தேசத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் இதனைச் சோதித்து நிரூபித்தார்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி உஷ்ணம் வேண்டும். இதன் அளவை ஓர் உதாரணத்தால் உணரலாம். கை வைக்க முடியாதபடி 80 டிகிரி கொதிப்பிலுள்ள ஒரு கிலோ வெந்நீரையும், 0 டிகிரியிலுள்ள ஒரு கிலோ பனிக்கட்டியையும் உஷ்ணம் வெளியே போகாத பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்தால், கட்டி முழுவதும் கரைந்து இரண்டு கிலோ தண்ணீர் கிடைக்கும். ஆனால் அத்தண்ணீரின் உஷ்ணம் 0 டிகிரியாகவே இருக்கும். வெந்நீரின் சூடு முழுவதையும் உருகுதல் ஒன்றே விழுங்கிவிடுகிறது.

இதிலிருந்து விவசாயிக்குப் பயன்படும் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெயில் வந்தவுடன் பனிக்கட்டி ஒரே நாளில் கரைந்து ஓடிவிடாது. தினந்தோறும் தனக்குக் கிடைக்கும் உஷ்ணத்தின் அளவுக்கேற்ப, சிறுகச் சிறுகவே தண்ணீரை வெளிவிடும். இரண்டாவது, தண்ணீர் உறையும்போது அதே 80 கலோரி உஷ்ணத்தை வெளியே தள்ளியாக வேண்டும். ஆதலால் ஆழமாகத் தேங்கிய தண்ணீர் எளிதில் அடிவரை உறைவதில்லை. மெல்லிய படலமாகப் பரவியோ, துளிகளாகத் தெறித்தோ குளிர்ந்த காற்றில் படும் தண்ணீர் விரைவில் உறைகிறது.

வேறு சில குணங்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தண்ணீர் உறையும்போது பருத்துவிடுகிறது. சுமார் 11 கன அடி ஜலம் 12 கன அடி பனிக்கட்டியாகிறது. உருகும்போது அதே விகிதத்தில் சுருங்குகிறது. ஆகையால் கட்டியின் கொள்ளளவைக் கொண்டு தண்ணீரைக் கணக்கிடுபவர் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். மேலும், புதிதாகப் பெய்த வெண்பனி தன்மீது விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேலாகவே திருப்பி அனுப்பிவிடும். புழுதியும் கரியும் படிந்து கறுத்த பனியோ அவ்வெயிலைப் பெரிதும் உட்கொண்டு விரைவாக உருகும். லடாக்கைச் சேர்ந்த ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கின் குடியானவர்கள், வசந்த காலத்தில் வயல்களை மூடியுள்ள பனியின்மேல் மண்ணைத் தூவி, அதனை முன்னதாகக் கரையச் செய்வது பழைய வழக்கம். விஞ்ஞானம் கூறும் காரணத்தை அவர்கள் அனுபவத்தால் கண்டறிந்திருக்கிறார்கள்.

லடாக்கில் சாகுபடி முறை

லே என்னும் தலைநகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி உயரத்தில் உள்ளது. இமயமலைத் தொடர்கள் பருவக் காற்றைத் தடுத்துவிடுவதால், வருஷத்தில் அங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலமே ஆகும். நம் நாட்டில் ஒரு நல்ல புயல் மழை ஒரே நாளில் இவ்வளவைக் கொட்டிவிடும். ஆதலின் லடாக்கில் பாசனமின்றிப் பயிர் இல்லை; மலைப்பனியின்றிப் பாசனம் இல்லை.

மாரிக்காலத்தில் உஷ்ணம் 0 டிகிரிக்கு 20 டிகிரி கீழும், சில இடங்களில் அதற்கும் கீழும் இறங்கும். பயிர் வளரக்கூடிய மாதங்கள் சிலவே. ஆகவே பெரும்பாலான கிராமங்களில் ஒரே போகம். வாற்கோதுமை, கோதுமை, பட்டாணி ஆகியவை முக்கியமான தானியங்கள். கால்நடைகளுக்குக் குதிரைமசால் வளர்க்கிறார்கள். தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் சர்க்கரை பாதாமி மரங்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, ஆகஸ்டு, செப்டம்பரில் அறுக்க வேண்டும். விதைப்பு பிந்தினால் கதிர் முற்றுமுன் மறுபடியும் குளிர் வந்துவிடும். நாள் பிந்திய விதைப்புக்குப் பரிகாரம் கிடையாது.

அவர்களுடைய பாசன ஏற்பாடு நம்முடைய ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குப் பழகியதாகவே தோன்றும். மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கிராமத்திற்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இராக்காலத்தில் வரும் தண்ணீர் வீணாகாதபடி 'ஸிங்' எனப்படும் சிறு குளத்தில் தேக்கி, பகலில் பாய்ச்சுகிறார்கள். இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்குக் கிராமத்தாரால் நியமிக்கப்படும் 'சுர்பொன்' என்னும் ஊழியர் இருக்கிறார். நம் ஏரிக் கிராமங்களில் நீர்க்கட்டி செய்துவரும் வேலை இதுவே. விதைப்புக்கு முன் குடிகள் அனைவரும் கூடி வாய்க்கால்களைத் தூர் எடுப்பதும் உண்டு; நம் குடிமராமத்திற்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்வளவு ஒழுங்கிருந்தும், ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகளில் தண்ணீர் மிகச் சொற்பமாகவே வருகிறது. 5,000 மீட்டருக்கு மேலேயுள்ள பனியாறுகள் ஜூன் மாத நடுவில்தான் தாராளமாக உருகத் தொடங்குகின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தேவைக்கு மேற்பட்ட தண்ணீர் சிந்து நதியை நோக்கி ஓடிவிடுகிறது. மாரிக்காலத்திலும், பயிரே இல்லாத நாட்களில், ஓடைகளில் சிறிதளவு ஓட்டம் இருந்துகொண்டேயிருக்கும். அதுவும் பயனின்றிப் போகும். ஆகவே வருஷத்துக் கணக்கில் தண்ணீர் இருக்கிறது. விதைக்கும் இரண்டு மாதங்களில் மட்டும் இல்லை.

பனியாறுகளின் தற்கால நிலைமை

பனியாறு என்பது ஓர் இயற்கைச் சேமிப்பு. மாரிக்காலத்தில் விழும் பனி அதற்கு வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. இரண்டும் சமமாயிருக்குமளவும் பனியாறு தேயாது. பூமியின் உஷ்ணம் ஏறிவருவதால் இப்போது செலவு வரவை மிஞ்சிவிட்டது. காத்மாண்டு நகரிலுள்ள மலைநாட்டு அபிவிருத்திக்கான சர்வதேச நிலையம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்துகுஷ், இமயமலைப் பிரதேசத்துப் பனியாறுகள் 2011 முதல் 2020 வரையுள்ள காலத்தில், அதற்கு முந்திய பத்து வருஷங்களைவிட 65 சதவிகிதம் அதிக வேகமாகக் கரைந்திருக்கின்றன. இதன் முக்கியத்துவத்தைக் கருதியே ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்புக்குரிய சர்வதேச ஆண்டாக அனுஷ்டித்தது.

இங்கே விவசாயி ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. பனியாறு தேயத் தொடங்கும் வருஷங்களில் ஓடையில் தண்ணீர் அதிகரிக்கும். அதனைச் செழிப்பென்று எண்ணிப் புதிய நிலங்களைத் திருத்திச் சாகுபடியை விஸ்தரிப்பது பெருந்தவறு. அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்கி, இவ்வருஷம் சாப்பாட்டிற்குக் குறைவில்லை என்பது போலாகும். கட்டி குறுகக் குறுக, ஒரு நாளில் ஓட்டமும் குன்றிவிடும்.

பெரிய பனியாறு இல்லாமல், மலைச் சரிவில் தங்கும் பனியையே நம்பியுள்ள கிராமங்களின் நிலைமை இன்னும் கஷ்டமானது. ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள குமிக் என்னும் பழமையான கிராமத்தார், தங்கள் ஓடை கோடையில் வறண்டு வந்தமையால், 2000-ஆம் ஆண்டையொட்டி ஒரு முடிவுக்கு வந்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளையும் நிலங்களையும் விட்டுக் கீழே நதிப்பக்கமுள்ள தரிசுக்குக் குடிபெயர்வதென்று தீர்மானித்தனர். பாசன ஆதாரம் தவறினால் ஊரே இடம்பெயர நேரிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

கீழ்மலையில் செயற்கைப் பனியாறு

லடாக்கைச் சேர்ந்த ஸ்ரீ செவாங் நோர்பெல் என்பவர், ராஜாங்கத்தின் கிராம அபிவிருத்தி இலாகாவில் ஸிவில் எஞ்சினீயராக நெடுங்காலம் உழைத்து, 1995-ல் ஓய்வு பெற்றவர். மாரிக்காலத்தில் குழாயிலிருந்து கசிந்த தண்ணீர், மரநிழலில் மெதுவாகப் பரவிய இடத்தில் கட்டியாக உறைந்திருப்பதையும், வேகமாக ஓடிய ஓடையில் அவ்வாறு உறையாமல் இருப்பதையும் அவர் கவனித்தார். ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து, நிழலும் அளித்தால், ஓடைத் தண்ணீரையே கிராமத்திற்கருகில் உறையவைக்கலாம் என்று அவர் யோசித்தார். 1987-ஆம் ஆண்டையொட்டிப் புக்ட்ஸே என்னும் கிராமத்தில் முதலாவது செயற்கைப் பனியாறு அமைக்கப்பட்டது. பின்னர் வேறு பல கிராமங்களிலும் இம்முறை பரவியது. 2015-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

இதன் அமைப்பு எளியது. மாரிக்காலத்து ஓடைத் தண்ணீரை ஒரு வாய்க்கால் மூலம் வெயில் படாத மலைச்சரிவுக்குத் திருப்புகிறார்கள். அச்சரிவில் படிப்படியாகக் கருங்கல் வரப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். வாய்க்காலிலிருந்து சிறு குழாய்கள் வழியாகப் பிரிந்து விழும் தண்ணீர், வரப்புகளில் தங்கித் தங்கி மெல்லிய படலமாகப் பரவுகிறது. அப்படலம் உறைந்ததும் அதன்மேல் மற்றொன்று படிகிறது. நவம்பர் முதல் இவ்வாறு அடுக்கடுக்காக வளர்ந்து, மாரி முடியும்போது சரிவு முழுவதும் பெரும் பனிப்பாளமாகிவிடும்.

இம்முறையின் நுட்பம் அதன் இடத்தில் இருக்கிறது. உயரம் குறையக் குறைய உஷ்ணம் கூடும். கிராமத்திற்குச் சற்று மேலே தாழ்ந்த இடத்தில் உறைந்த கட்டி, மலையுச்சிப் பனியாற்றுக்கு வெகு முன்னதாக, ஏப்ரலிலேயே உருகத் தொடங்கும். வெவ்வேறு உயரங்களில் இவ்வாறான பாளங்களை அமைத்தால், கீழேயுள்ளது முதலிலும், அதற்கு மேலுள்ளது அடுத்தபடியாகவும் உருகி, இயற்கைப் பனியாற்றின் தண்ணீர் வரும்வரை பாசனம் தொடர்ந்து நடைபெறும். மேலேரியும் கீழேரியுமாக அமைந்த நம் சங்கிலித்தொடர் ஏரிகளை இது நினைவூட்டுகிறது.

பனி ஸ்தூபி

நிழலுள்ள சரிவு எல்லாக் கிராமங்களுக்கும் அருகில் வாய்ப்பதில்லை. இக்குறையை நீக்க, ஸ்ரீ ஸோனம் வாங்சுக் என்பவரும் அவருடைய மாணவர்களும் 2013-ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் மற்றொரு முறையைச் சோதித்தனர். தண்ணீரைத் தரையில் பரப்பாமல், கூம்பாக உயர்த்தி உறையவைப்பதே அம்முறை. பௌத்த ஸ்தூபியின் வடிவத்தை ஒத்திருப்பதால் அதற்குப் பனி ஸ்தூபி என்று பெயர் வந்தது. 3,170 மீட்டர் உயரத்தில், வெயில் நன்றாகப் படும் இடத்தில் அமைக்கப்பட்ட அச்சோதனை ஸ்தூபி சுமார் 6 மீட்டர் உயரமேயாயினும், 1914-க்குச் சரியாக நூறு வருஷங்களுக்குப் பின் வந்த 2014-ஆம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி வரை கரையாது நின்றது. 2015-ல் ஃபியாங் கிராமத்தில் எழுப்பப்பட்ட பெரிய ஸ்தூபி சுமார் 20 மீட்டர் உயர்ந்து, ஜூலை மாத ஆரம்பம் வரை நிலைத்தது. அதன் தண்ணீர் அங்கே நடப்பட்ட சுமார் 5,000 மரக்கன்றுகளுக்குப் பயன்பட்டது.

இதற்கு இயந்திரமோ எண்ணெயோ தேவையில்லை. ஓடையின் மேற்பகுதியிலிருந்து தரைக்கடியில் புதைத்த குழாய் வழியாகத் தண்ணீர் கீழே கொண்டுவரப்படுகிறது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி ஏறும் இயல்புடையதாதலால், குழாயின் முனையை நிமிர்த்தி வைத்தால், தலைப்பிலுள்ள மட்டத்திற்குச் சற்றுக் குறைவான உயரம் வரை எழும்பிப் பீச்சுகிறது. கடுங்குளிருள்ள இரவில் துளிகளாகத் தெறித்து விழும் தண்ணீர், கீழே சேருமுன்னும் சேர்ந்தவுடனும் உறைகிறது. கட்டி உயர உயரக் குழாயையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள்.

கூம்பின் நன்மையைக் கணக்கால் காண்போம். அடியில் 20 மீட்டர் குறுக்களவும், 20 மீட்டர் உயரமும் உள்ள ஸ்தூபியின் கொள்ளளவு சுமார் 2,090 கன மீட்டர். அதன் வெளிப்பரப்பு சுமார் 700 சதுர மீட்டரே. இதே அளவு கட்டியைத் தரையில் 30 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால், அது சுமார் 7,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கரை மூடும். வெயிலும் காற்றும் தாக்கும் பரப்பு கூம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே திறந்த வெளியிலும் அது பல வாரங்கள் தாங்குகிறது.

எவ்வளவு நிலத்திற்குப் போதும்?

மேற்படி ஸ்தூபி முழுவதும் உருகினால் சுமார் 19 லட்சம் லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்பதற்குச் சுமார் 1,03,000 லிட்டர் வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று அங்குலம் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், 19 லட்சம் லிட்டர் சுமார் 6 ஏக்கருக்கு ஒரு பாய்ச்சலாகும். ஆவியாகவும் கசிவாகவும் மூன்றில் ஒரு பங்கு கழியுமாயின், 4 ஏக்கருக்கே போதும்.

இக்கணக்கு இம்முயற்சியின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. பெரும் ஆயக்கட்டு முழுவதையும் இதைக் கொண்டு நடத்த முடியாது. ஆயினும் விதைப்புக்குரிய முதல் ஈரத்திற்கும், இளங்கன்றுகளின் உயிரைக் காப்பதற்கும், தக்க தருணத்தில் கிடைக்கும் ஒரே ஒரு பாய்ச்சலின் மதிப்பு பெரிது. கடைமடையில் கருகும் பயிருக்கு ஒரு நனைப்புக் கிடைக்காமல் முழு மகசூலையும் இழந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் எச்சரிக்கைகளும்

இம்முறைகளில் உள்ள குறைகளையும் மறைக்காமற் கூறுவது அவசியம்.

(1) செயற்கைப் பனியாறும் ஸ்தூபியும் தண்ணீரை உண்டாக்குவதில்லை. மாரிக்காலத் தண்ணீரை வசந்த காலத்திற்குத் தள்ளிவைக்கின்றன. ஓடையின் மூலமே வற்றிவிட்டால் இவற்றாலும் பயனில்லை.

(2) வறண்ட காற்றில் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேராக ஆவியாகப் போவதும் உண்டு. அவ்வாறு போன பாகம் வயலுக்கு நஷ்டமே. பீச்சும் தண்ணீர் முழுவதும் உறைவதுமில்லை. கணிசமான பாகம் ஓடிவிடும்.

(3) குழாயில் ஓட்டம் சிறிது நேரம் நின்றாலும் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து, பருத்துக் குழாயை அடைத்துவிடும். ஆகவே கடுங்குளிரில் இரவும் பகலும் ஆள் காவல் வேண்டும்.

(4) கல் வரப்புகளும் வாய்க்கால்களும் திடீர் வெள்ளத்தில் சேதமடைகின்றன. வருஷந்தோறும் பழுதுபார்க்கக் கிராமத்தார் ஒற்றுமையாக முன்வராத இடங்களில் இவ்வேலைகள் நிலைப்பதில்லை.

(5) மேற்கிராமத்தார் மாரிக்காலத் தண்ணீரைத் திருப்பும்போது, கீழ்க்கிராமத்தாரின் பாத்தியதையையும் கவனிக்க வேண்டும். பயிரில்லாத காலத்துத் தண்ணீர்தானே என்று கேளாமல் எடுத்தால் வியாஜ்யம் உண்டாகும்.

நாம் கவனிக்கத்தக்கவை

நம் பிரதேசத்தில் பனியாறுகள் இல்லை; ஸ்தூபி கட்டுவதற்குரிய குளிரும் இல்லை. எனினும் லடாக் விவசாயிகள் செய்ததன் சாரம் நமக்கும் உரியது. தேவையற்ற காலத்தில் ஓடும் தண்ணீரை, தேவையுள்ள காலத்திற்காக, தேவையுள்ள இடத்தருகில் நிறுத்திவைத்தனர். ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியிலும் குட்டையிலும் நிறுத்தி, தை, மாசியில் பயன்படுத்துவதும் இதே காரியந்தான்.

ஏரியின் வரத்து வாய்க்கால் தூர்ந்திருந்தால், பெய்த மழை அவ்வளவும் கண்ணெதிரே கடலுக்குப் போகும். மதகுப் பலகை ஒழுகினால், சேமித்த தண்ணீர் பயிருக்கு வேண்டுமுன்பே வடிந்துபோகும். பண்ணைக் குட்டையை அகலமாகவும் ஆழமின்றியும் வெட்டுபவர், பனியைத் தரையில் மெல்லப் பரப்பியவர் அடையும் நஷ்டத்தையே வெயிலால் அடைவார். ஒரே கொள்ளளவுக்குப் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினால் ஆவியாகும் தண்ணீர் குறையும். இவற்றைச் சரிபார்க்க உகந்த காலம் ஏரி வறண்டிருக்கும் கோடையே.

லடாக்கில் ஒவ்வொரு மாரிக்காலத்திலும், வயலில் வேலையில்லாத நாட்களில், உறையும் குளிரையும் பொருட்படுத்தாது குடியானவர்கள் குழாயையும் வரப்பையும் கவனித்து நிற்கிறார்கள். நான்கைந்து மாதங்களுக்குப் பின் விதைக்கப்போகும் வாற்கோதுமைக்காக அவர்கள் அன்றே உழைக்கிறார்கள். நம் மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அடுத்த மழைக்கு முன்னரே தத்தம் ஏரியின் வரத்துக்கால், கலங்கு, மதகு ஆகியவற்றை ஒருமுறை நேரில் பார்வையிட்டு, வேண்டிய பழுதுகளைக் குடிகளுடன் கூடிச் செய்து முடிப்பார்களாயின், வரும் பட்டத்தில் கடைமடை நிலங்களும் காலத்தில் தண்ணீர் பெறும்.